என் மகளுக்கு எதிராக நான் சொன்ன சாட்சியம்

பெப்ரவரி ஆறாம் திகதியிட்ட கடிதம் அது. ஒரே பக்கம். பாடசாலையின் பெயர் மேலே பிரெஞ்சில் இருந்தது. விடயம் முழுவதும் ஆங்கிலத்தில். மூன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் வரும் செப்டெம்பரிலிருந்து பிரெஞ்சு வழிக் கல்வியை விட்டு, அதே கட்டடத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு மாறுவது அவளுக்கு நல்லது என்று பாடசாலை கருதுகிறது என்பதுதான் சாரம். இரண்டாம் பந்தியில் காரணங்கள் இருந்தன. அதன் நடு வரியைத் தமிழில் தருகிறேன்: "நவம்பர் சந்திப்பில் பெற்றோரே தெரிவித்தபடி, பிள்ளை வீட்டில் புத்தகங்களைத் தொடுவதில்லை, சொன்னால் கேட்பதில்லை, பிரெஞ்சு மொழி அவருக்குச் சுமையாக இருக்கிறது."

வேறு யாருடைய கடிதமோ எங்கள் மகளின் பைக்குள் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஆரோ வேற பிள்ளையின்ர கடிதத்தை மாறிக் குடுத்துவிட்டிட்டினம். எந்தத் தாய் தேப்பன் தன்ர பிள்ளையைப் பற்றி உப்பிடிப் போய்ச் சொல்லும்?" என்றேன்.

மனைவி கடிதத்தை வாங்கி வாசித்தார். "நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"நானோ?"

"நான் பக்கத்திலை இருந்தனான். ரீச்சர் எழுத எழுத நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தனீங்கள்."

நான் திகதி பார்த்து வாழ்கிற மனிதன். முதல் பனி விழுந்த நாள், பெற்றோல் விலை ஏறிய நாள், வீட்டுக்கு யார் வந்து என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். பின்னாளில் யாராவது ரொறொன்ரோத் தமிழர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தால் இவை பயன்படும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. எனவே உடனே நவம்பரைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "மாலை, ஆசிரியையுடன் சந்திப்பு. மிகச் சிறப்பாக நடந்தது. அவருக்கு எங்களை நன்றாகப் பிடித்துவிட்டது." வருங்கால ஆய்வாளருக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன், அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

நடந்தது இதுதான். ஆசிரியை இளம் பெண், ஒட்டாவாப் பக்கத்துக்காரர், வெள்ளையர், மிகவும் அன்பானவர். சிறுபிள்ளைகளின் கதிரைகளில் எங்களை இருத்திவிட்டு, "வீட்டில் மகள் எப்படி?" என்று கேட்டார். எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். பிள்ளையை ஆசிரியர் முன்னால் புகழக் கூடாது. அது தற்பெருமை, அதோடு கண்பட்டு நாவூறும் ஆகிவிடும். பெற்றோர் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல வேண்டும், ஆசிரியர் அதை மறுக்க வேண்டும். இரு தரப்பும் தத்தம் பங்கைச் செய்து முடித்ததும் எல்லோரும் மகிழ்ச்சியோடு எழும்பிப் போகலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இது பிசகுவதே இல்லை. "படிக்கிறாளே இல்லை, ரீச்சர்" என்று நான் சொல்லி முடிக்க முதல், "சும்மா இருங்கோ அண்ணை, அவள் வலு கெட்டிக்காரி" என்று பதில் வந்துவிடும்.

அதையே எதிர்பார்த்துத்தான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். சோம்பேறி என்றேன். ஆசிரியை மறுக்கவில்லை. ஒருவேளை நான் சொன்னது போதாதோ என்று நினைத்து, புத்தகத்தைத் தொடவே மாட்டாள் என்றேன். அதற்கும் மறுப்பு இல்லை. சொன்னால் கேட்க மாட்டாள் என்றேன். பிரெஞ்சு அவளுக்குப் பெரும் பாரம் என்றேன். அவர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். குறிப்பெடுக்கும் மனிதர்கள் மீது எனக்கு இயல்பாகவே ஒரு மதிப்பு. அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று சற்று நிதானமாக, சொல் சொல்லாகச் சொன்னேன். ஒரு இடத்தில் அவர் பின்தங்கியபோது நின்று காத்திருந்தேன்.

உண்மையில் எங்கள் மகள் காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியின் பிரெஞ்சுப் பக்கத்தைக்கூட விடாமல் வாசிக்கிறவள். பற்பசைக் குழாயில் இருப்பதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பல் விளக்குவாள். நூலகத்துப் பிரெஞ்சுப் படக்கதைகள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். ஆனால் எழுத்துப் பிழைகள் நிறைய விடுவாள், வகுப்பில் கை உயர்த்த மாட்டாள். அதுவும் கடிதத்தில் இருந்தது, அதுவும் உண்மைதான். ஆசிரியையின் கையில் பாதி உண்மை இருந்தது. மற்றப் பாதியை நான் நிரப்பிக் கொடுத்திருந்தேன்.

கடிதம் வந்தது என்று மகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீடு ஸ்காபரோவின் சிறிய டவுன்ஹவுஸ். படியில் இருந்தால் சமையலறையில் பேசுவது எல்லாம் கேட்கும்.

"ஆம் ஐ கெட்டிங் கிக்ட் அவுட்?" என்று கேட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இல்லையம்மா. இங்கிலிஷ் வகுப்பும் நல்ல வகுப்புத்தானே," என்றேன்.

"எனக்கு வேண்டாம். நான் ஃப்ரெஞ்ச்லதான் இருக்கப் போறன்."

"ஏனம்மா, அவ்வளவு விருப்பமோ?"

கொஞ்சம் யோசித்தாள். "ஃப்ரெஞ்ச்ல நான் என்ன கதைச்சாலும் உங்களுக்கும் அம்மாவுக்கும் விளங்காது. தட்ஸ் தி பெஸ்ட் பார்ட்."

என்னிடமிருந்த காரணங்களைவிட அது நேர்மையான காரணம். பிரெஞ்சு வழிக் கல்வி அறுபதுகளில் மொன்றியலின் புறநகர் ஒன்றில் ஆங்கிலப் பெற்றோர்கள் கேட்டு வாங்கிய ஏற்பாடு என்ற வரலாற்றைப் பிறந்தநாள் விழாக்களில் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேக் வெட்டும் வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். இருமொழி நாடு, அரசாங்க வேலை, மூளை வளர்ச்சி என்று மூன்று காரணங்களை வரிசையாக வைத்திருந்தேன். நாலாவது காரணத்தை விழாக்களில் சொல்வதில்லை.

அந்தப் பாடசாலைக்கு இரண்டு வாசல்கள். காலையில் ஒரு வாசலால் பிரெஞ்சு வகுப்புப் பிள்ளைகள் போவார்கள், மற்ற வாசலால் ஆங்கில வகுப்புப் பிள்ளைகள். ஆங்கில வாசலில் எங்கள் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், போன மாதம் விமானத்தால் இறங்கிய பிள்ளைகள் எல்லோரும் நிற்பார்கள். பிரெஞ்சு வாசலில் பெரும்பாலும் ஏரிப் பக்கத்துத் தனி வீடுகளிலிருந்து காரில் வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். முதன்முதலில் பார்க்கப் போன நாளில் நான் மனைவியிடம், "இந்தப் பக்கம் எங்கட ஆக்கள் குறைவு. நல்ல இடம்போலை கிடக்கு," என்று சொன்னேன். மனைவியும் ஓம் என்றார். எங்கள் ஆட்கள் குறைவாக இருப்பதைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, வரிசையில் போய் நின்று, எங்களையும் அங்கே சேர்த்துக்கொண்டோம். நாங்கள் சேர்ந்ததால் தரம் எவ்வளவு குறைந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

கடிதத்தைப் படித்த பின் மூன்று வருட வகுப்புப் படங்களையும் எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் திகதி எழுதியிருந்ததால் வரிசைப்படுத்துவது சுலபம். முதலாம் வகுப்புப் படத்தில் எங்கள் மகளைப் போன்ற நிறத்திலும் இன்னும் கறுப்பாகவும் முகங்கள் பல இருந்தன. இரண்டாம் வகுப்பில் குறைந்தன. மூன்றாம் வகுப்பில், கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு பையனும் நடுவில் எங்கள் மகளும் இன்னொருத்தியும்தான். இத்தனை காலமும் திகதியை மட்டும் எழுதிவிட்டு, படத்தைப் பார்க்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

கடிதம் ஒரு கட்டளை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பாடசாலையிலிருந்து, தலைப்புப் போட்ட தாளில் வந்தால் அது கட்டளைதானே. அடுத்த வாரம் மகளை ஏற்றப் போனபோது ஆங்கில வாசலையும் ஒருமுறை பார்த்துவைப்போம் என்று அந்தப் பக்கம் போய் நின்றேன். அங்கே நின்ற தாய் ஒருவர், ஜமேக்காவிலிருந்து வந்தவர், என்னைத் தெரியும் என்பதுபோலப் பார்த்தார்.

"உங்கள் மகள் மற்றப் பக்கம் அல்லவா?" என்று கேட்டார்.

"இப்போது அந்தப் பக்கம். செப்டெம்பரிலிருந்து இந்தப் பக்கம்."

"ஓ, உங்களுக்கும் வந்துவிட்டதா?" அவர் சிரித்த சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "என் மகனுக்குப் போன வருடம் வந்தது. நானும் உடனே மாற்றிவிட்டேன். பிறகுதான் ஒரு தோழி சொன்னாள், அது வெறும் ஆலோசனை என்று. வேண்டாம் என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கடிதத்தில் 'பரிந்துரைக்கிறோம்' என்றுதான் இருக்கிறது. நான் அதை 'வேண்டும்' என்று வாசித்துவிட்டேன்."

"நானும் அப்படித்தான் வாசித்தேன்."

"நாம் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறோம்," என்றார் அவர்.

பிரெஞ்சு வழிக் கல்வியின் வரலாறு தெரிந்த எனக்கு, என் மகளின் பாடசாலைக் கைநூலில் முதல் பக்கத்துக்கு மேல் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடி எடுத்து வாசித்தேன். அவர் சொன்னது சரி. இறுதி முடிவு பெற்றோருடையது. உடனே இன்னொரு சந்திப்புக் கேட்டு எழுதினேன். துணை அதிபரும் வருவார் என்று பதில் வந்தது.

வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆசிரியையின் குறிப்பில் நான் சொன்னது அப்படியே இருக்கும். அடுத்த ஆசிரியையும் அதை வாசிப்பார். அதைத் திருத்த வேண்டுமானால் நேரில் போய்ப் பிள்ளையைப் புகழ வேண்டும். அதில்தான் சிக்கல். முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஒத்திகை பார்த்தோம்.

"நீர் தொடங்கும்," என்றேன் மனைவியிடம்.

"கெடுத்தது நீங்கள். நீங்களே தொடங்குங்கோ."

தொண்டையைச் செருமினேன். "எங்கட மகள் பரவாயில்லை."

"பரவாயில்லையோ? இதுக்கு அவா திரும்பவும் பேனையை எடுப்பா."

"கெட்டிக்காரி எண்டு சொல்ல வாய் வருதில்லை. தலையிலை ஏறியிடும்."

"ஆற்ர தலையிலை? அவள் அங்கை வரப்போறாளே?"

மறுபடியும் தொடங்கினேன். மகள் மிகுந்த ஆர்வமும் விடாமுயற்சியும் நல்ல குணமும் கொண்டவள் என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன்.

படியிலிருந்து குரல் வந்தது. "அப்பா, யூஸ்ட் கார் விக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப எப்பிடிச் சொல்லுறது?"

"ஷி ரீட்ஸ் எவ்ரி டே எண்டு சொல்லுங்க. இட்ஸ் ட்ரூ. வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

ஒத்திகை முடிந்ததும் மனைவி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மகளின் தலையைச் சுற்றி நாவூறு கழித்தார். வெறும் ஒத்திகைக்கு எதற்கு என்று கேட்டேன். "உள்ளதைத்தானே சொன்னனாங்கள். அதுதான் கூடப் பயம்," என்றார். மிளகாய் அடுப்பில் வெடித்து, புகை எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் கதவைத் தட்டினார். பிள்ளையைப் பாராட்டினோம் என்று அவருக்கு விளக்க முடியவில்லை.

சந்திப்பு அன்று மகளின் அறிவுரையை மறந்துவிட்டேன். மொன்றியல் புறநகரின் அந்த வரலாற்றிலிருந்து தொடங்கினேன். மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நிறுத்திவிட்டு, "நவம்பரில் நான் சொன்னவை சரியல்ல," என்றேன்.

துணை அதிபர் தாளைப் பார்த்தார். "பிள்ளை புத்தகங்களைத் தொடுவதில்லை என்றது?"

"பொய்."

"சொன்னால் கேட்பதில்லை?"

"அதுவும் பொய். ஓரளவுக்கு."

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"மரியாதைக்கு," என்றேன். அதற்குமேல் எப்படி விளக்குவது என்று எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. தமிழில் விளக்கவே தேவையில்லை.

மனைவி மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். கடை மேசையில் நின்று பேசும் ஆங்கிலத்திலேயே, சுருக்கமாக, "அவள் தினமும் வாசிக்கிறாள். நான் பார்க்கிறேன். அவளுக்கு அங்கே இருக்க விருப்பம். எங்களுக்கும் விருப்பம்," என்றார். பிறகு கைப்பையிலிருந்து அந்த மூன்று வகுப்புப் படங்களையும் எடுத்து மேசையில் வைத்தார். அவற்றை அவர் எடுத்துவந்தது எனக்குத் தெரியாது. காட்டலாமா என்று பல நாள் யோசித்து, இனம் அது இது என்று பேசினால் மகளுக்குத்தான் பாதகம் என்று நான் விட்டுவிட்ட விடயம் அது.

"இந்தப் படத்தில் இருந்த இந்தப் பிள்ளைகள் இந்தப் படத்தில் இல்லை. எங்கே போனார்கள்?" என்று கேட்டார்.

துணை அதிபர் படங்களைத் தொடாமல் பார்த்தார். "அவை அந்தந்தக் குடும்பங்கள் எடுத்த முடிவுகள். நாங்கள் யாரையும் அனுப்புவதில்லை."

"நாங்களும் அப்படித்தான் முடிவெடுக்க இருந்தோம்," என்றார் மனைவி.

பிறகு ஆசிரியை எங்களைப் பார்த்து, சிவந்த முகத்தோடு, "நீங்கள் அவளைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துவிட விரும்புகிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். உங்களால் அதைக் கேட்க முடியாமல் இருக்கிறது, நான் உதவ வேண்டும் என்று நினைத்தேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். நான் அவருக்காகக் காத்திருந்து, சொல் சொல்லாகச் சொல்லி எழுதவைத்தேனே. வேறு என்ன நினைப்பார்? ஆனால் படங்களில் இல்லாமல்போன பிள்ளைகளின் பெற்றோரோ, ஜமேக்காத் தாயோ அப்படி எதுவும் சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கம் எங்கள் கடிதத்தை விளங்கப்படுத்தும். மற்றக் கடிதங்களை அது விளங்கப்படுத்தாது.

மகள் நாலாம் வகுப்பிலும் பிரெஞ்சு வாசலாலேயே போகிறாள். நவம்பர்க் குறிப்பின் அருகில் பெற்றோரின் திருத்தம் என்று ஒரு தாள் சேர்க்கப்பட்டது. அதில் நான் கையெழுத்திட்டேன், திகதியும் போட்டேன். எழுத்துப் பிழைகள் இன்னும் உண்டு. கை இப்போது சில நாட்களில் உயர்கிறதாம். கடைசி வரிசைப் பையன் செப்டெம்பரில் ஆங்கில வாசலில் நின்றான். மற்றச் சிறுமியும் அங்கேதான்.

ஒக்டோபரில் ஒரு நாள் காரில் வரும்போது, போன வருடம் தன் வாசிப்புக் குழுவில் நாலு பேர் இருந்ததாக மகள் சொன்னாள். வகுப்பில் மெதுவாக வாசிக்கிறவர்களின் குழு அது என்று அவளுக்கே தெரியும். அந்தப் பையன், அந்தச் சிறுமி, இவள். நாலாவது ஆள் ஏரிப் பக்கத்து வெள்ளைக்காரப் பையன் ஒருவன்.

"அவன் எப்பிடி வாசிப்பான்?" என்று கேட்டேன்.

"என்னை விட ஸ்லோ, அப்பா. ஆனா நைஸ் பாய்."

"அவனும் இங்கிலிஷ் பக்கம் போயிட்டானோ?"

"நோ. என்ர பக்கத்து டெஸ்க்."

அடுத்த சனிக்கிழமை ஸ்கேட்டிங் வகுப்பில் அவனுடைய தந்தையைக் கண்டேன். கோப்பி வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்று, மகன் பிரெஞ்சில் எப்படி என்று சாதாரணமாகக் கேட்டேன். "அருமையாகச் செய்கிறான். மொழியென்றால் அவனுக்கு உயிர். இயற்கையாகவே வருகிறது," என்றார் அவர், சற்றும் தயங்காமல். பெப்ரவரியில் பாடசாலையிலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய மகன் பனித்தரையில் விழுந்துவிட, கைதட்டி உற்சாகப்படுத்தப் போய்விட்டார்.

அவருடைய பதிலை அன்றிரவே குறிப்பில் எழுதினேன். ஆனால் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. பிள்ளையைக் குறைத்துச் சொல்வது எங்கள் வழக்கம் என்றால், புகழ்வது அவர்களுடைய வழக்கம். கடிதம் வந்திருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். அந்த வீட்டுக்கும் அப்படியொரு கடிதம் போய், அவர்கள் அதை ஆலோசனை என்று சரியாக வாசித்து ஒதுக்கிவைத்தார்களா, அல்லது போகவே இல்லையா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.